நுன்சியா எழுதிய நடை

நுன்சியா கபூர்சோவுக்கு அறுபத்தோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூன்று மாடி ஏற வேண்டும். முதல் திருப்பத்தில் சாவியைத் தேடுவது போல நிற்பாள். இரண்டாவது திருப்பத்தில் பையைத் தோள் மாற்றுவது போல நிற்பாள். படிக்கட்டில் ஆள் இல்லாவிட்டாலும் இந்த நடிப்பு உண்டு. கீழ்வீட்டில் குடியிருக்கும் அக்கா பீனா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"முட்டி வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னா என்னடி குறைஞ்சு போயிடும்?"

"சாவியத் தேடுறேன்க்கா."

"சாவி உன் கையில இருக்கு."

நுன்சியா மேலே ஏறத் தொடங்கிவிடுவாள். காலையிலிருந்து இருபத்தாறு பிள்ளைகள் பிளாஸ்டிக் குழலில் ஒரே பாட்டை இருபத்தாறு விதமாக ஊதியதைக் கேட்டுவிட்டு வந்தவளுக்குப் பேசத் தெம்பு எங்கே இருக்கும்? வாத்தியார் வேலை சோற்றுக்கு. அவளுடைய உண்மையான வேலை இசை எழுதுவது. சினிமாவுக்கு இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. வயலினும் செல்லோவும் வைத்திருப்பவர்கள் தாளைப் பார்த்து வாசிக்க, எதிரே இருப்பவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்கிற இசை. பதினெட்டு வயதிலிருந்து அதைத்தான் எழுதுகிறாள். யார் சொல்லியும் விடவில்லை.

அவள் ஊர் தோரெமரீனா. கடலோரம். பாரி நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். அப்பா மவுரோ படகுப் பட்டறையில் பலகை இடுக்குகளுக்குத் தார் அடைப்பவர். ஊர் சினிமாக் கொட்டகையை மூடியபோது அங்கே கிடந்த பியானோவை அவர் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கட்டைகள் ஊமை. அமுக்கினால் சத்தம் வராது. நுன்சியா அதில்தான் பழகினாள். பதினோரு வயதில் பாரி இசைப்பள்ளியில் சேரப் பரீட்சை. நன்றாகத்தான் வாசித்தாள், ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் விரலைத் தூக்கி அந்தரத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அந்த ரெண்டையும் விட்டுட்டே?" என்றார் பரீட்சை வைத்தவர்.

"அது பேசாது சார்."

"இங்க பேசும். தொட்டுப் பாரு."

தொட்டாள். பேசியது. பயந்து கையை எடுத்துக்கொண்டாளாம். எல்லாப் பியானோவிலும் அந்த இரண்டும் ஊமைதான் என்று அதுவரை நினைத்திருந்திருக்கிறாள், பைத்தியக்காரி. "அன்னிக்குப் பிடிச்ச பைத்தியந்தான். பாட்டு நடுவுல நடுவுல நின்னு நின்னு போறதுக்கு அந்த ஊமைக் கட்டைங்கதான் காரணம்" என்று பீனா இன்றைக்கும் சொல்வாள்.

நாற்பத்து மூன்று வருடங்களில் நாற்பத்தேழு படைப்புகள் எழுதினாள். ஆறு வாசிக்கப்படவே இல்லை. மிச்சம் நாற்பத்தொன்றும் ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டன. இது அவள் குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தொழிலின் லட்சணம் அப்படி. இசை விழா நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் புதிது வேண்டும், இதுவரை யாரும் கேட்காதது வேண்டும். ஒரு முறை வாசித்துவிட்டால் அது பழையது. முதல் தடவைக்குப் பூங்கொத்து, கைகுலுக்கல், இனிப்பு மது எல்லாம் உண்டு. இரண்டாம் தடவைக்கு ஆளே கிடையாது.

மிலானில் நான்கு வயலின்காரர்களுக்காக எழுதியதை இருபத்து மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஐந்து பேர் இவளுடைய வீட்டார், பெட்டி நிறைய முறுக்குப் பிஸ்கட்டோடு ரயிலேறிப் போனவர்கள். லெச்சேயில் பிள்ளைகளுக்கான இசை நாடகம் எழுதினாள். நீளமாக இருக்கிறது, மூன்றாவது காட்சியை வெட்டு என்றார்கள், வெட்டினாள். ஜெர்மனியில் குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதியதில் கடைசிப் பக்கத்தை வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். ஊர்ப் பங்குக்காகப் பூசைப் பாடல்கள் எழுதினாள். பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் வீட்ல சாப்பாடு ஆறிடும் நுன்சியா" என்றார். அதையும் வெட்டினாள். வாயாடத் தெம்பில்லாதவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டால் வேறு என்ன செய்வாள்?

அந்தத் தாள்களையெல்லாம் சீதன அலமாரியில் குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் அடுக்கி, கல்யாண வீட்டில் சர்க்கரைப் பாதாம் பொட்டலத்துக்குக் கட்டுவார்களே அந்த வெள்ளை நாடாவால் கட்டி வைத்திருந்தாள். சீதன அலமாரிதான் உண்டு, கல்யாணம் இல்லை. பேண்டில் ட்ரம்போன் ஊதிய ஒருவன் ஐந்து வருடம் காத்திருந்தான். பிறகு டூரினில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவ்வளவுதான் அந்தக் கதை.

அவளுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. தான் எழுதியது ஏதாவது ஒன்று இரண்டாவது முறை காதில் விழ வேண்டும். முதல் முறை கேட்கும்போது பயத்தில் எதுவும் கேட்பதில்லையே. அதை அவள் வெளியே சொன்னதில்லை. பீனாவிடம் ஒரே ஒரு தடவை, பல் பிடுங்கிய மயக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

இப்படியிருக்கும்போது அக்டோபரில் ருஜ்ஜியேரோ மூன்று மாடி ஏறி வந்தான். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா, ஊர் பேண்டுக்குத் தலைவன், நுன்சியாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்.

"சபையில முடிவு பண்ணிட்டாங்க. இந்த வருஷப் புது நடை நீதான் எழுதணும்."

வியாகுல மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கிப் பவனி போகும்போது பேண்டு வாசிக்கிற துக்கப் பாட்டுக்கு அந்த ஊரில் நடை என்று பெயர். பவனியை நடத்துகிற சபை வருடத்துக்கு ஒரு புது நடையை வாசித்துப் பார்க்கும். தூக்குகிறவர்களுக்குக் கால் ஒத்துவந்தால் அது பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு வருடா வருடம் ஒலிக்கும். செத்து நூறு வருடமான ஆட்களின் நடையெல்லாம் இன்னும் பட்டியலில் இருக்கிறது. மீன்காரிகள்கூட அதை முணுமுணுப்பார்கள். அடுத்த வருடத்துத் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று பட்டியலைப் படிப்பார்கள்.

"பட்டியல்ல ஏறினா வருஷா வருஷம் வாசிப்பீங்கல்ல?" என்று கேட்டாள் நுன்சியா. தெரிந்த விஷயத்தைத்தான் கேட்டாள்.

"தூக்குறவங்களுக்குப் பிடிச்சிட்டா நீயே வேண்டாம்னாலும் விட மாட்டாங்க. ஒண்ணு மட்டும் நுன்சியா, அந்த ஜெர்மன்காரனுக்கு எழுதின மாதிரி எழுதாதே. காலு நடக்கணும்."

குளிர்காலம் முழுக்க எழுதினாள். பள்ளி முடிந்து வந்து, வெந்நீர்ப் பையை முட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, சமையலறை மேசையில். நல்ல நடைதான் வந்தது. கிளாரினெட்டுகள் அழுவதும், கீழே பித்தளைக் குழாய்கள் தாங்குவதும், யார் கேட்டாலும் கால் தானாக இடம் வலம் ஆடும். ஆனால் நடுவில் ஒரு காரியம் செய்தாள். பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் பேண்டு முழுவதையும் நிறுத்திவிட்டாள். எட்டுக் காலடி எடுத்து வைக்கிற தூரத்துக்கு ஒரு சத்தம் கிடையாது, டிரம்கூடக் கிடையாது. பிறகுதான் திரும்பப் பாட்டு.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா மவுரோ முப்பது வருடம் மாதாவைத் தூக்கியவர். ஆறு வயதில் நுன்சியா அவருடைய அங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒரு முனையில் திரும்பும்போது கடல்காற்று பேண்டின் சத்தத்தை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சில அடி தூரத்துக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரின் கால் தரையில் தேய்கிற சத்தம், மரம் முனகுவது, அப்பாவின் மூச்சு. ஊரே அழுகிற பாட்டைவிட அதுதான் அவளுக்கு அழுகையாகக் கேட்டது. நாற்பத்தேழு படைப்புகளிலும் அதைத்தான் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பிடிபடவில்லை.

பீனாவிடம் சொன்னாள்.

"மரம் முனகல. அது அப்பாவோட முட்டி. உனக்கும் அதுதான் வந்திருக்கு" என்றாள் பீனா.

மார்ச் மாதம் ஒத்திகை வைத்தார்கள், பழைய எண்ணெய்ச் செக்கு மண்டபத்து முற்றத்தில். சுரூபத்துக்குப் பதிலாக மரச்சட்டத்தில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிப் பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் கதால்தோ. மீன் மொத்த வியாபாரி, குரல் கொஞ்சம் பெரிது. பாட்டு தொடங்கியது, சட்டம் அழகாக ஆடி ஆடி நகர்ந்தது. பேண்டு நின்றது. உடனே கதால்தோ மரத்தை டொக்கென்று தட்டினார். பன்னிரண்டு பேரும் தாங்குகட்டைகளை ஊன்றி, சட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏன் இறக்கினீங்க? இன்னும் பாதி இருக்கு!" என்றாள் நுன்சியா.

"பாட்டு நின்னுச்சு டீச்சரம்மா, இறக்கினோம். பாட்டு இருக்கிற வரைக்கும் மாதா தோள விட்டு எறங்கக் கூடாது, பாட்டு நின்னா எறக்கணும். எங்க தாத்தா காலத்துச் சட்டம் இது."

"நிக்கல. அதுவும் பாட்டுதான். சத்தமில்லாம இருக்கு, அவ்வளவுதான்."

கதால்தோ மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களாடா? சத்தமில்லாத பாட்டாம். என் பையனுக்கு நாலு வருஷம் குழல் சொல்லிக் குடுத்தீங்களே, இந்தப் பாட்டச் சொல்லிக் குடுத்திருந்தா எங்க வீட்டு நாய் ஓடிப் போயிருக்காது டீச்சரம்மா."

எல்லோரும் சிரித்தார்கள், நுன்சியாவும்தான். திரும்ப முயன்றார்கள். இந்தத் தடவை முன்வரிசை நடந்தது, பின்வரிசை நின்றது. சட்டம் சாய்ந்து ஒரு மூட்டை கீழே விழுந்து உடைந்தது. மூன்றாவது தடவை எல்லோரும் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, அப்புறம் நடந்தார்கள். ருஜ்ஜியேரோ அவளைத் தனியே அழைத்துப் போனான்.

"பெரிய டிரம்மை மட்டும் அந்த எட்டு அடிக்கும் தட்ட விடு. டொம், டொம். கால் நிக்காது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நுன்சியா, அன்னிக்கு அவங்க கால் தடுமாறினா பட்டியல் கிடையாது. சபையில சொல்லிட்டாங்க. ஒரே ஒரு டிரம்முக்காகவா விடப் போறே? ஜெர்மன்காரன் ஒரு பக்கத்தையே வெட்டச் சொன்னான், மூச்சு விடாம வெட்டினியே!"

அது உண்மைதான். முற்றத்து ஓரத்தில் கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து அவள் நெடுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். டிரம்மைச் சேர்த்துவிட்டால் நடை பட்டியலில் ஏறும், வருடா வருடம் கேட்கலாம். ஆனால் கேட்பது எதை? அவள் எழுதியதையா, ருஜ்ஜியேரோ தட்டியதையா? சண்டை போட அவளுக்கு இன்றைக்கும் தெம்பில்லை. ஆனால் வெட்டவும் தெம்பில்லை, அதுதான் விஷயம். எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"டிரம் வேண்டாம். அப்படியே வாசி."

"பிடிவாதக்காரி."

"இத்தனை வருஷமா இல்லியே. இந்த ஒண்ணுக்கு இருந்துட்டுப் போறேன்."

கடைசியில் கதால்தோதான் ஒரு வழி சொன்னார். பேண்டு நிற்கும்போது தான் அடங்கிய குரலில் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணுவதாகவும், பின்வரிசை அதைக் கேட்டு நடக்கலாம் என்றும். இரண்டு தடவை சரியாக வந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளி, மாலை நான்கு மணி. கோயில் கதவு திறந்தது. மாதா கறுப்புப் பட்டில், நெஞ்சில் வாளோடு, பன்னிரண்டு தோள்களில் வெளியே வந்தாள். கோயில் வாசலிலிருந்து மீன் சந்தை முனை வரை ஒரே நடை, ஒன்பது நிமிடம். பவனியிலேயே கடினமான தூரம் அதுதான். அதற்கு நடுவில் எந்தக் காலத்திலும் மாதாவை இறக்கியதில்லை. நுன்சியா மருந்துக்கடை வாசலில், பீனா தூக்கிவந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேண்டு தொடங்கியது. பீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

பாட்டு உச்சிக்குப் போய் நின்றது.

கதால்தோ எண்ணியிருப்பார், பாவம். ஆனால் தெருவில் நின்ற கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டதில் அவர் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. மூன்றாவது அடியில் பின்னால் இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மாதா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கதால்தோ வேறு வழியில்லாமல் மரத்தைத் தட்டினார். டொக். கட்டைகள் ஊன்றப்பட்டன. தெரு நடுவில், நடை நடுவில், மாதா இறங்கி நின்றாள்.

"முடிஞ்சுதாடி?" என்றாள் பீனா.

"முடிஞ்சுது" என்றாள் நுன்சியா. பீனா கேட்டது பாட்டை, அவள் சொன்னது பட்டியலை.

ருஜ்ஜியேரோவின் கை அந்தரத்தில் நின்றது. எட்டு அடிக்கான நேரம் போயிற்று. இன்னொரு எட்டும் போயிற்று. மாதா தரையில் இருக்கும்போது பாட்டைத் தொடங்க முடியாது. அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக் கை இல்லை. தூக்குகிறவர்கள் மட்டும் ஆசுவாசமாக இடத்தோளுக்கு மாறிக்கொண்டார்கள். ஒருவன் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு கதால்தோ மறுபடி தட்டினார். பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள், நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். ருஜ்ஜியேரோவுக்குக் கை மரத்துப் போயிருந்ததால் பாட்டைக் கொடுக்க நாலு அடி தாமதமாகிவிட்டது.

அந்த நாலு அடி. கால்கள் கல்லில் தேய்ந்தன. மரம் முனகியது. பன்னிரண்டு பேரின் மூச்சு கேட்டது.

நுன்சியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் கிளாரினெட்டுகள் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன. மாதா முனை திரும்பிப் போய்விட்டாள், கூட்டமும் பின்னால் போயிற்று. நுன்சியா போகவில்லை. கால் தடுமாறியதை ஊரே பார்த்தாயிற்று, பட்டியல் போயிற்று. வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பீனா அவரைப்பருப்புக் கூழும் கசப்புக் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

வெயில் காலம் போய், மழை போய், அடுத்த வருடத்துச் சாம்பல் புதன் வந்தது. அன்று நுன்சியா சபைக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கதால்தோ நின்றிருந்தார், நெற்றியில் சாம்பல், கையில் ஒரு பொட்டலம் கணவாய் மீன். மூன்று மாடி ஏறியதில் அவருக்கும் மூச்சு வாங்கியது.

"பட்டியல்ல ஏத்திட்டோம் டீச்சரம்மா. கோயில் வாசல்லேர்ந்து சந்தை முனை வரைக்கும் உங்க நடைதான். நிரந்தரமா."

"கால் தடுமாறிச்சே?"

"யாருக்கு? சபைக்காரங்க அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. பன்னெண்டு பேரும் எழுந்து நின்னுட்டோம்ல. இதைப் பாருங்க." சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினார். எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. "இருபத்தெட்டு வருஷம் தூக்குறேன். அந்த ஒம்பது நிமிஷத்துல ஒரு வாட்டிகூட எறக்கினதில்ல. போன வருஷம்தான் மாதா நடுவழியில எறங்கி எங்களுக்கு மூச்சு விட விட்டா. சட்டமும் மீறல, பாட்டு நின்னுச்சுல்ல? இனிமே அந்த நடை இல்லேன்னா தூக்க மாட்டோம்னு சொல்லிட்டோம்."

நுன்சியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் கதால்தோ, குரலைத் தாழ்த்தி. அவருக்குத் தாழ்ந்த குரல் என்றால் பீனாவுக்குக் கீழே கேட்கிற அளவு. "அந்த இடத்த இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதிக் குடுங்களேன். எட்டு அடி நேரம் பத்தாது. தோள் மாத்தணும், பின்னால பீப்போவுக்கு இடுப்பு நிமிர நேரமாகும்."

நீட்டச் சொல்கிறார்! இத்தனை வருடங்களில் யாரும் அவளிடம் நீட்டச் சொன்னதில்லை. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் வேணுமோ இறக்கி வெச்சுக்கங்க. நான் கேக்கல. ஆனா தூக்கினதும் பேண்டு வராது. எட்டு அடி சும்மா நடக்கணும். அப்புறம்தான் பாட்டு."

"எட்டா? போன வருஷம் நாலுதானே நடந்தோம்?"

"எட்டு."

"ஆறுன்னு வெச்சுக்கலாமே. தூக்கினதும் பாட்டு வந்தாத்தான் தெம்பு."

"எட்டு, கதால்தோ."

அவர் கணவாய்ப் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எட்டு. சரி. ஆனா நான் சத்தமா எண்ணுவேன்."

"வாய்க்குள்ள எண்ணுங்க."

நுன்சியா வெற்றுக் கோடுகளுக்கு மேல் எழுதினாள்: இறக்கட்டும், தூக்கட்டும், எட்டு அடி நடக்கட்டும், பிறகு வாசிக்கலாம். கதால்தோ இறங்கிப் போன பிறகு பீனா மேலே வந்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று. கணவாயைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள்.

"இதை நாடா போட்டுக் கட்டி உள்ள வெக்கலியா?"

"வெளியவே இருக்கட்டும். மார்ச்சுல வேணும்."

"அப்போ அந்த நாற்காலிய இந்த வருஷமும் நான்தான் தூக்கணுமா?"

"ஆமாக்கா" என்றாள் நுன்சியா. "அடுத்த வருஷமும்."